தொங்கும் கை, மடித்த கை

ஜனவரி 27, திங்கள்

ஒரு மனிதரின் நோயை அவரைத் தவிர மற்ற எல்லோரும் தெரிந்து வைத்திருக்கலாமா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள்போல இன்று வீட்டில் இரண்டு பேர் பேசினார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டேன்.

மதுரையிலிருந்து மாலையில் திரும்பினோம். என் கணவர் ஜெயசிங் காரின் முன்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார். மருத்துவர் என்னையும் மகள் பெனிட்டாவையும் மட்டும்தான் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, ஈரலுக்குப் பரவிவிட்டது, அறுத்துப் பயனில்லை. "ஈஸ்டர் தாண்டுறது கஷ்டம்மா" என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை. எங்கள் பெயர்களைப் பார்த்து அந்தக் கெடுவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் பெனிட்டா, "வயித்துல புண்ணுதான்ப்பா. மருந்துல ஆறிரும்" என்றாள். அவள் இவ்வளவு இயல்பாகப் பொய் சொல்லுவாள் என்று நான் அறிந்திருக்கவில்லை.

நாங்கள் வருவதற்கு முன்பே நவமணி மைனி அடுப்படியில் இருந்தார். ஜெயசிங்கின் அக்கா. பெனிட்டா போனில் சொல்லியிருக்கிறாள்.

"ஏ ஹெப்சி, புண்ணுன்னே இருக்கட்டும். சொன்னா அன்னைக்கே படுத்துருவான். எங்க அப்பா அப்படித்தான் போனாங்க. டாக்டரு வாயத் தொறந்தாரு, அடுத்த வாரம் பெட்டி வந்துட்டு."

"மொகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாதும்மா. நீ சொல்லுதியா?" என்றாள் பெனிட்டா.

நான் அடுத்த தேங்காய் மூடியை எடுத்துத் துருவினேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

பெனிட்டாவின் கல்யாணம் ஏப்ரல் 28. ஈஸ்டர் கழிந்து ஒரு வாரம். அதற்கு முன்னால் வைக்கலாம் என்றால் மார்ச் ஐந்தில் லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், தொடங்குகின்றன. லெந்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் நடத்துவதில்லை. இன்று யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் நினைத்தோம்.

ஜனவரி 28, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு, சாமான் வாங்கி வருகிறேன் என்று போனவன் வரவில்லை. 

மருத்துவர் சொன்னது ஒரு சராசரி. நான் புள்ளியியலில் முதுகலை படித்தவள். சராசரி என்பது எந்தத் தனி மனிதருக்கும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. உறுதியில்லாத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும்?

ஜனவரி 30, வியாழன்

எங்கள் தையல் கடைக்குத் தாசையா வந்தார். சவப்பெட்டிக் கடைக்காரர். வருஷத்தில் நான்கைந்து தடவை எங்களிடம் கோட்டு தைத்து வாங்கிப்போவார். எங்கள் ஆட்களில் ஆண்களைக் கோட்டு போட்டு அடக்கம் செய்வதே வழக்கம். கல்யாணக் கோட்டு அளவு சேராமல் போனவர்களுக்கும், கோட்டே வாங்காமல் போனவர்களுக்கும் தாசையாவிடம் இருக்கும்.

"டீச்சரம்மா, ஆறு வேணும். மூணு கறுப்பு, மூணு நீலம். பனி சீசன் பாத்துக்கிடுங்க, வயசாளிய நிக்கமாட்டேங்காவ."

இரண்டு வருஷம் ஒரு பள்ளியில் கணக்கு எடுத்தேன். அதோடு சரி. தாசையாவுக்கு இன்றும் நான் டீச்சர்.

ஜெயசிங் உள்ளிருந்து, "என்ன தாசையா, வியாபாரம் ஜோரா?" என்றார்.

"எங்க அண்ணாச்சி! ஒருத்தரும் ரெண்டாவது தடவ வாரதில்ல."

இருவரும் சிரித்தார்கள். ஜெயசிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாசையா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மெலிஞ்சிட்டீயளே அண்ணாச்சி" என்றார்.

"புண்ணு. காரம் சேக்கக்கூடாதுன்னு இவ பத்தியம் போடுதா. நோயாலயா மெலிஞ்சேன், இவ சமையலால மெலிஞ்சேன்."

தாசையாவின் கோட்டு வேறு மாதிரி. முதுகுப் பக்கம் திறந்திருக்கும், நாடாவால் முடிய வேண்டும். லைனிங் கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கை. நிற்கிற மனிதனின் கை தொங்கும். கோட்டின் கையை அந்தத் தொங்கலுக்கு ஏற்ப, தோளில் கை சேரும் வளையமான ஆம்ஹோலில் திருப்பி வைத்து ஏற்றித் தைக்க வேண்டும். பெட்டிக்குள் கிடப்பவரின் கைகள் நெஞ்சின்மேல் மடிந்திருக்கும். வழக்கமான கோட்டை அவருக்குப் போட்டால் தோளில் துணி குவியலாக எழும்பி மணிக்கட்டு வெளியே தெரியும். பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு அடுத்தபடி கையைத்தான் பார்ப்பார்கள். அதனால் கையை நன்றாக முன்பக்கம் திருப்பி ஏற்றுவோம். கூன் விழுந்த ஒருவருக்கு அரை விரல் திருப்பினால் போதும். தாசையாவின் கோட்டுக்கு இரண்டு விரல்.

கடையில் வெட்டுவது ஜெயசிங். கை ஏற்றுவது மட்டும் நான். கல்யாணமான மூன்றாம் வருஷம் கற்றுக்கொண்டேன். ஒரு பெரிய வளைவைச் சின்ன வளைவுக்குள் சுருக்கம் தெரியாமல் அடக்க வேண்டும். வகுப்பறையைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். நான் போவேன். நம்புவது வேறு விஷயம். பிரசங்கத்தின் நடுவில் ஜெயசிங் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். மைனி பின்னாலேயே ஓடினார். நான் கொஞ்சம் தாமதித்து எழுந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

மதியம் மைனி தான் யோசித்து வைத்திருந்ததை எடுத்தார்.

"ஏல, மாப்பிளைக்கு ஏப்ரல்ல லீவு கிடைக்காதாம். அவங்க அம்மா போன் பண்ணுனா. லெந்துக்கு முன்னாடி வச்சிருவோமா?"

மாப்பிள்ளை கிப்சனுக்குத் தூத்துக்குடியில் வேலை. லீவு ஒரு பிரச்சினையே இல்லை. மைனி அவன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி, இப்படிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். அதை எனக்கே இன்றுதான் சொன்னார்.

"லீவு இல்லன்னா மே மாசம் வைக்கட்டும். என்ன அவசரம்?" என்றார் ஜெயசிங்.

"அவசரம்னு இல்ல..."

"எக்கா, ஒரு மாசத்துல கல்யாணத்த முடிச்சா ஊரு என்ன பேசும்? பிள்ள வயித்தப் பாப்பானுவ." கஞ்சியைத் தள்ளி வைத்தார். "அது கெடக்கட்டும். என்னையப் பாரு. எலும்பும் தோலுமா நின்னா பிள்ளையக் குடுக்கணும்? புண்ணு ஆறட்டும். நாலு வாய் தின்னு உடம்பு தேறட்டும். ஏப்ரல்னா சரியா இருக்கும்."

மைனி என்னைப் பார்த்தார். பெனிட்டா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாம் சொன்ன பொய்யை அவர் நம்புகிறார். நம்புவதால் ஏப்ரல் வரை காத்திருக்கிறார். ஏப்ரலில் அவர் இருக்கமாட்டார். இதைவிட எளிதாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மாலை துணி மடித்தேன். திரைச்சீலை துவைக்கப் போட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஜெயசிங் தனக்குக் கல்யாணத்துக்குக் கோட்டு வெட்டினார். பழையது தொளதொளவென்று ஆகிவிட்டது.

"இப்பமே எதுக்கு?" என்றேன்.

"ஈஸ்டருக்கு முன்னாடி கடையில நிக்க நேரம் இருக்காது. ஒன் கைக்கு அப்பம் தைக்கதுக்கு வேற கோட்டே இருக்காதா? எடு டேப்ப."

தன்னைத் தானே அளக்க முடியாது. நான் அளந்தேன். மார்பு, தோள், கை நீளம், புஜம். எண்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். புஜத்தின் அளவைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். "திரும்ப அள." அளந்தேன். அதேதான்.

கரும்பச்சை கலந்த சாம்பல் துணி. துண்டுகள் சேரும் எல்லா மூட்டிலும் இரண்டு விரல் அதிகமாக விட்டு வெட்டினார். "தேறினதும் விட்டுக்கிடலாம்." துணியை வெட்டும்போது அவருக்கு வலிப்பதில்லை என்று தோன்றியது. கத்தரி நிற்காமல் போனது.

பிப்ரவரி 4, செவ்வாய்

தாசையாவின் ஆறு கோட்டுக்கும் கை ஏற்றி முடித்தேன். இஸ்திரிப் பெட்டி சூடு நிற்கவில்லை, இரண்டு தடவை ஃபியூஸ் போனது.

பிப்ரவரி 5, புதன்

அவர் கோட்டுக்குக் கை ஏற்றினேன்.

ஆம்ஹோல் இழுபடாமல் இருக்க முதலில் சுற்றிலும் நாடா வைத்துத் தைத்தேன். கையின் மேல்வளைவில் இரண்டு வரி ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்து, சுருக்கங்களை ஈரத்துணி வைத்து அமுக்கினேன். நல்ல கம்பளித் துணி. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, தானே தோள் வடிவத்துக்கு வந்தது. உள்ளே கான்வாஸ் பட்டையும் அதன்மேல் பஞ்சுப் பட்டையும். அது இல்லாவிட்டால் தோளுக்குக் கீழே கை பள்ளமாக விழும். மணிக்கட்டில் குறுக்குச் சாய்வாக வெட்டிய கான்வாஸ், கையை நுழைத்து நுழைத்து எடுத்தாலும் வடிவம் கெடாமல் இருக்க.

வலியால் அவர் கொஞ்சம் குனிந்துதான் நடக்கிறார். அப்படிப்பட்டவருக்குக் கை முன்னால் விழும். அதனால் கோட்டின் கையை முன்பக்கம் திருப்பி ஏற்றினேன். எவ்வளவு என்று அளக்கவில்லை. பழகிய வேலை.

இரவு பருப்புக் கஞ்சி. பாதி குடித்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

தாசையா வந்து ஆறையும் எடுத்துப் போனார்.

பிப்ரவரி 7, வெள்ளி

நடந்தது நடந்தபடி.

பதினோரு மணி இருக்கும். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கோட்டை டிரையலுக்குப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நான் குண்டூசி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் கைகளைத் தொங்கவிட்டார். மணிக்கட்டுகள் இரண்டும் கோட்டுக்கையின் பின்விளிம்பில் இடித்தன. முன்பக்கம் ஒரு கோழிமுட்டை நுழையும் அளவுக்குக் காலியிடம். தோளுக்குக் கீழே சாய்வாக ஒரு மடிப்பு.

அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"தாசையாவுக்கு எத்தன குடுத்த?"

"ஆறு."

"நல்லா எண்ணுனியா? இது ஏழாவதுல்லா." சிரித்தபடிதான் சொன்னார்.

"நீங்க குனிஞ்சு நடக்கீங்க. அதுக்குத் தோதாத்தான்..."

நிமிர்ந்தார். வலித்திருக்கும், மேலுதட்டில் வியர்வை வந்துவிட்டது. "இப்பமும் குனிஞ்சா இருக்கேன்?"

மடிப்பு இன்னும் ஆழமாகத் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் ஏற்றிய கைகளைச் சரிபார்த்து வாடிக்கையாளரிடம் கொடுப்பவர் அவர்தான். அரை விரலுக்கும் இரண்டு விரலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை.

பிறகு இரண்டு கைகளையும் தூக்கினார். நெஞ்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். மடிப்பு மறைந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை துணி வழுவழுவென்று விழுந்தது.

"பாரு ஹெப்சி. என்ன சுத்தமா இருக்கு."

நான் கையிலிருந்த குண்டூசிகளை மேசையில் வைத்தேன். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து தேடினேன். அது கிடைக்கிற வரைக்கும் நேரம் இருக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை.

"எப்பம்?" என்றார்.

"ஈஸ்டர் தாண்டுறது கஷ்டம்னாங்க."

கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மைனிக்கு, பெனிட்டாவுக்கு."

"மாப்பிள வீட்டுக்கு?"

"மைனி சொல்லிட்டாங்க."

"தாசையாவுக்கு?"

"தெரியாது."

"அந்த மட்டுக்கும் சரி. நம்மள நம்பி சரக்கு எடுக்கவன்."

கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். மெதுவாக, வாடிக்கையாளர் கோட்டை மாட்டுவதுபோல, தோளை நீவிவிட்டு மாட்டினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ படிச்சவ. நீயாவது சொல்லிருக்கலாம்" என்றார்.

கை எப்படி இரண்டு விரல் திரும்பியது என்பதற்கு, முந்தின நாள் ஆறு கோட்டு தைத்த பழக்கம் என்று காரணம் எழுதலாம். அப்படியே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

காலையில் அவரே ஆட்டோ பிடித்து, எங்கள் கோயில் போதகரான ஐயர் வீட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் போட்டார். மைனி பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். வரும்போதே அழுதுகொண்டு வந்தார்.

"நாளைக்கு முதல் ஓலை வாசிக்காங்க. இருபத்தாறு புதன்கிழம கல்யாணம். ஐயர்ட்ட காரணத்தச் சொல்லிட்டேன். ஊரு பேசுனா காரணத்த நீயே சொல்லு."

"ஏல, நான் ஒன் நல்லதுக்குத்தான..."

"எக்கா, ஏப்ரல்ல நான் மகளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லச் சொல்ல, நீ சோத்தப் போட்டுக்கிட்டே தலையாட்டுன. நல்லதுக்காக்கும்!"

"பயந்துட்டேன்ல. அப்பா மாதிரி ஆயிருவியோன்னு பயந்துட்டேன்."

"அப்பாவுக்கு அன்னைக்கு ஒரு வாரம் கிடைச்சுது. எல்லாரையும் கூப்பிட்டு வச்சுப் பேசுனாரு. நீ மறந்துட்ட."

மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெனிட்டா கதவோரம் நின்றாள். அவர் அவளைப் பார்த்து, "நீ ஒண்ணும் சொல்லாத. சேல எடுக்கணும், ஆளுக்குச் சொல்லணும். ஒங்க அம்மாவக் கூட்டிட்டுப் போ" என்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை.

மதியம் மீன்குழம்பு கேட்டார். காரத்தோடு வைத்தேன். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, போதும் என்றார். வாந்தி எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையைக் கோயிலில் வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

நான்கு நாளாக அவர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். மருந்து, தண்ணீர், விசிறி. நானும் தேவைக்கு மட்டும் பேசுகிறவள்தான். ஆனால் என் பேச்சுக் குறைவும் அவருடையதும் ஒன்றில்லை என்று இந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

இன்று காலை, "கடையத் தொற. அந்தக் கோட்ட முடிக்கணும்" என்றார்.

கோட்டின் இரண்டு கைகளையும் பிரித்தேன். அவரே தையலை வெட்டத் தொடங்கி, இரண்டு தையலோடு கத்தரியை என்னிடம் கொடுத்துவிட்டார். திரும்ப அளக்கச் சொன்னார். பத்து நாளில் புஜம் இன்னும் சுருங்கியிருந்தது. தோள் எலும்பு துணிக்குள் முளைபோல நின்றது.

"மூட்டுல விட்டு வச்சதெல்லாம் பிடிச்சிரு" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"எதுக்கு விடணும்?"

பிடித்தேன். அவர் தேறினால் விடுவதற்கென்று வைத்திருந்த துணியை மூட்டு மூட்டாக வெட்டி எடுத்தேன். மேசைக்குக் கீழே குவிந்தது. கையைத் தொங்கும் கைக்கேற்ப நேராக்கி வைத்து ஓட்டுத் தையல் போட்டேன். தோளில் ஒரு பட்டைப் பஞ்சுக்குப் பதில் மூன்று வைத்தேன். சதை இருந்த இடத்தில் இப்போது பஞ்சு. கோட்டுக்குள் ஆள் குறையக் குறையத் துணிக்கு முட்டு அதிகம் வேண்டியிருக்கிறது.

"சூடு கூடிட்டு. பளபளன்னு ஆயிரும்" என்றார்.

"ஈரத்துணி இருக்கு."

"அந்த எடத்துல இன்னும் அமுக்கு. ம்."

இவ்வளவுதான் பேசினோம். மதியம் வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது, "ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். கேட்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாவது ஓலை. கோயிலுக்கு அவர் வரவில்லை. வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் அவரிடம் பேசும் குரலும் அடுப்படியில் என்னிடம் பேசும் குரலும் வேறு வேறாக இருந்தன. தாசையாவும் வந்தார். கட்டில் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"ஏ தாசையா, உள்ள வா. ஒன்னையப் பாத்தா எனக்கு ஒண்ணும் பயம் இல்ல" என்று ஜெயசிங் உள்ளிருந்து கத்தினார்.

"எனக்குல்லா பயமா இருக்கு அண்ணாச்சி" என்றார் தாசையா. அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 19, புதன்

மாத்திரை போதவில்லை. மதுரை மருத்துவர் போனில் வேறு மருந்து சொன்னார். அது இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கிப்சன் மதுரைக்குப் போய் வாங்கி வந்தான். அதிகம் பேசாத பையன். மருந்தைக் கொடுத்துவிட்டு என் முன்னால் நின்றுகொண்டே இருந்தான். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூன்றாவது ஓலை. தடை சொல்ல யாரும் இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளைக்குக் கல்யாணம்.

கோட்டை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். காலையில் அவருக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொள்ள ஒரு நிமிஷம் நின்றார். கை நன்றாகத்தான் விழுந்தது. 

அவரால் நடக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை நடக்க வேண்டிய தூரத்தை நான் அறிவேன். மைனி தன் மகனைத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார். பெனிட்டாவின் கையைப் பிடித்து அவன் கூட்டிப்போவான். ஒரு சக்கர நாற்காலியையும் வாடகைக்கு எடுத்து வந்து அறையில் வைத்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாற்காலியில் உட்காரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நடக்கிறேன் என்பார். வாசலைத் தாண்டுவதற்குள் விழுவார். அல்லது வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்பார். பெனிட்டா அழுவாள், கல்யாணம் அதோடு போகும். இரண்டில் எது என்று யோசித்து யோசித்து, இரண்டுக்கும் தயாராக ஒரு பையில் மாற்றுச்சட்டையும் மருந்தும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

நான் நினைத்த இரண்டுமே நடக்கவில்லை.

காலையில் அவரே சக்கர நாற்காலியைக் காட்டி, "அதக் கொண்டா" என்றார். கோட்டோடு அதில் உட்கார்ந்துகொண்டார். கோயில் வாசலில் மைனியின் மகன் பெனிட்டாவின் பக்கம் வந்து நின்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த பூச்செண்டை அப்பாவின் மடியில் வைத்தாள். தலைமுக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள்.

மணப்பெண் தன் அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. ஆர்கன் வாசிக்கிறவர் ஒரு கணம் நிறுத்திவிட்டார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். நான் பின்னால் நடந்தேன். இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஜெயசிங் இடமும் வலமுமாகத் தலையசைத்துக்கொண்டு போனார், கடைக்கு வருகிறவர்களை வரவேற்பதுபோல.

இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று ஐயர் கேட்டபோது அவர் எழுந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் உதவவில்லை. உதவ வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். "நான்" என்றார். குரல் பின்வரிசை வரை கேட்டிருக்காது. பெனிட்டாவின் கையை எடுத்து ஐயரிடம் கொடுத்தார். உட்கார்ந்தார்.

விருந்துக்கு இருக்கவில்லை. காரில் நானும் அவரும் மட்டும் திரும்பினோம். வாடகைக் கார், ஓட்டியவன் தெரியாதவன். ரயில்வே கேட்டில் கார் நின்றது. ரயில் வரவில்லை. சைக்கிள்காரர்கள் கம்பிக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"இனிமே வலி கூடுமா?" என்றார்.

அன்றைக்குக் கேட்க நினைத்தது இதுவாக இருக்கலாம். எனக்குத் தெரியாது.

"கூடும்" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப. மருந்தக் கூட்டிக் கூட்டிக் குடுக்கலாம்னு சொன்னாங்க. கடைசில நினைவு தப்பலாம். அதுக்கப்புறம் எங்களயெல்லாம் தெரியாமப் போகும்."

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வெளியே பார்த்தான்.

ஜெயசிங் தலையை இருக்கையில் சாய்த்தார். கோட்டின் மேல் பொத்தானை அவிழ்க்க முயன்றார். நான் அவிழ்த்துவிட்டேன்.

"அப்பம் அதுக்கு முன்னாடி எல்லார்ட்டயும் பேசி முடிக்கணும்" என்றார்.

"ஆமா."

"ஒன்கிட்டயும்."

சரக்கு ரயில் ஒன்று வந்தது. பெட்டிகள் நிறைய. அது முழுவதும் போய் முடிய வெகுநேரம் ஆனது. அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கேட் திறந்தது. வீட்டுக்கு வந்தோம்.